"வீசியதாகச் சொல்லப்படும்" காற்று: ஓட்டு வீட்டு இன்சூரன்ஸ், ஐந்து வருட அனுபவம்

போன வாரம் காங்கேயத்திலிருந்து மாமன் மகன் கூப்பிட்டான். "ஏ மாப்ளே, ஓட்டு வீட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் குடுக்கறாங்களாமா? குடுத்தாலும் காசு வருதா?" வருகிறது. எனக்கு வந்தது. அதைச் சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஒரு மணி நேரம் பேசினேன், அதில் முக்கால்வாசி வசவு. அவன் குழம்பிப்போய், "சரி, எடுக்கறதா வேண்டாமா, அதச் சொல்லு" என்றான். அவனிடம் சொன்னதையே வசவைக் கொஞ்சம் குறைத்து எழுதுகிறேன்.

பாலிசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2021 ஏப்ரலில் இருந்து வீட்டுக்கான அடிப்படைப் பாலிசி எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், பாரத் கிருஹ ரக்ஷா. கீற்றுக் கூரைக்கு முடியாது என்றார் ஏஜென்ட். செங்கல் சுவர், சீமை ஓடு என்றதும் சரி என்றார். எங்களுடையது 1,100 சதுரடி, இன்றைக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு 20 லட்சம். கட்டடத்துக்கு எடுத்தால் அதில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுச் சாமானுக்கும் தானாகச் சேர்ந்துவிடும். எனக்கு ஜிஎஸ்டி உள்பட வருடம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மூன்று வருடம் சும்மா கட்டினேன். நாலாவது வருடம் சித்திரை கடைசியில் காற்று வந்தது.

ஊர் கோபிக்கு மேற்கே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். வேசகாலத்து (கோடை) மழை இங்கே எப்படி வரும் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் புழுக்கம், நாலு மணிக்கு மலை ஓரம் கறுப்பு கட்டும், பொழுது சாய்ந்தால் இருபது நிமிஷம் ஆட்டம். அன்றைக்கும் இருபது நிமிஷம்தான். முதலில் கட்டுத்தரைத் தகரம் படபடத்தது. அப்புறம் இறவாரத்தில் ஒரு சத்தம். அடுக்களையில் சட்டி மூடி விழுந்துவிட்டது என்று அம்மா எழுந்து போனார். மூடி இல்லை, ஓடு. கூரை மேல் காற்று வேகமாக ஓடும்போது ஓட்டை அழுத்தாது, மேலே உறிஞ்சித் தூக்கும். இரண்டு இரண்டரை கிலோ ஓடு எழும்பும். இறவாரத்து வரிசை போனால் அடுத்த வரிசைக்கு அடியில் காற்று புகுந்துவிடும். அம்மா திரும்பி வருவதற்குள் ஆசாரத்தின் (கூடத்தின்) மேற்குப் பாதியில் வானம் தெரிந்தது. பிறகுதான் மழையே வந்தது.

அந்த ராத்திரி உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: படுதா போடுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுத்தேன். புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, கோயமுத்தூரில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்ப. காலை 7 மணிக்குக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இந்த இடத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்தில் கிளைம் எண் வந்தது. "மேற்கொண்டு நனையாம பாத்துக்குங்க சார், உடைஞ்சத மட்டும் சர்வேயர் வர்ற வரைக்கும் எறிஞ்சிராதீங்க" என்று அந்தப் பெண் தமிழிலேயே நிதானமாகச் சொன்னார். சேதத்தை மதிப்பிட 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2024 ஜூனில் விதி போட்டிருக்கிறது. சாயங்காலமே பெயரும் எண்ணும் வந்துவிட்டன. மூன்றாம் நாள் ஆளே வந்தார்.

"சர்வேயர் வர்றாராமா?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர். எங்களுக்கும் அவருக்கும் ஒரு வரப்பு விவகாரம் பதினைந்து வருடமாக நிலுவை. இவர் கூரையை அளக்க வந்தவர் என்று தெரிந்த பிறகு காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

சர்வேயர் நல்ல மனுஷன். கீழே நின்று எட்டிப் பார்க்காமல் ஏணி போட்டு ஏறினார். உடைந்தது 640 என்று எண்ணினார். ஒரு ஓட்டைத் திருப்பி, அடியில் இருந்த பாசல் மிஷன் என்ற பழைய ஓட்டுக் கம்பெனியின் முத்திரையைத் தடவிவிட்டு, "இது எங்க தாத்தா வயசுங்க" என்று சிரித்தார். எனக்கு வயிறு கலங்கியது, பழசு, தேய்மானம் என்று எழுதிவிடுவாரோ என்று. எழுதவில்லை. ஓட்டைத் தாங்கும் சட்டத்தில் கரையான் அரித்த பதினொரு ரீப்பரை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "இது காத்துல போனதில்லீங், முன்னாலயே போனது" என்றார். நியாயம். எனக்கே தெரியும்.

இத்தோடு முடிந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். அன்று புயல் காற்று வீசியதற்கு ஆதாரம் தரவும். வானிலைத் துறைச் சான்று, அல்லது உங்கள் ஊரின் பெயர் வந்த பத்திரிகைச் செய்தி. கோவை விமான நிலையப் பதிவில் அன்று அப்படிக் காற்று எதுவும் இல்லையாம்.

இருக்காது. கோவை எங்கே, நாங்கள் எங்கே! வேசகாலத்துக் காற்று ஐப்பசிப் புயல் மாதிரி மாவட்டம் மாவட்டமாக வராது. சூட்டில் மேலே எழும்பிய மேகம் குளிர்ந்து, கனத்து, அந்தக் குளிர்க் காற்று மொத்தமாகக் கீழே இறங்கும். தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். அடி விழுகிற இடத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். எங்கள் பக்கம் கதலி வாழை மொத்தமும் கிழக்கே பார்த்துப் படுத்துக் கிடந்தது. வாய்க்காலுக்கு அக்கட்ட இருக்கிற ஊரில் கொடியில் போட்ட துணி கொடியிலேயே இருந்தது. பேப்பரில் "கோபி சுற்றுவட்டாரத்தில் சூறைக்காற்று, வாழைகள் சாய்ந்தன" என்று நாலு வரி வந்தது. சுற்றுவட்டாரத்துக்குள் எங்கள் ஊரும் உண்டு என்று யாரிடம் எழுதி வாங்குவது?

பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். புயல், சூறாவளி, வெள்ளம் என்று அடுக்கியிருக்கிறது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வீசினால்தான் புயல் என்று ஒரு எண்கூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதிலாக அதே மின்னஞ்சல் மறுபடி வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அதே. இப்படி நாலு தடவை. 640 ஓடு காற்றில் போகாமல் வேறு எப்படிப் போகும், நானே ராத்திரி ஏறிக் கழற்றி எறிந்தேனா என்று ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. இன்னும் டிராஃப்டில் இருக்கிறது.

கடைசியில் காப்பாற்றியது மணியகாரர். (கிராம நிர்வாக அலுவலர்தான். வி.ஏ.ஓ. என்றால் எங்கள் அம்மாவுக்கு யார் என்று தெரியாது.) காற்றடித்த மறுநாள் காலையே சாய்ந்த வாழையைக் கணக்கெடுக்கத் தோட்டம் தோட்டமாக வந்தார். அப்போதுதான் கிளைம் எண் வாங்கியிருந்த சூட்டில், "ஏனுங், எங்க ஓட்டையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருங்" என்று கையோடு கூட்டி வந்தேன். நோட்டில் குறித்துக்கொண்டார். பின்னால் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சான்று எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போயிருந்தால் அவருக்கு நான் என்ன காட்டியிருப்பேன்? மூன்றாம் நாள் வாழையை வெட்டி வரப்போரம் தள்ளியாகிவிட்டது. ஐந்தாம் நாள் லைன்மேன் சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்திவிட்டார். அந்தக் காற்று வந்துபோன தடம் அத்தோடு சரி. என் பாலிசியில் கிளைம் படிவம் கொடுக்க 30 நாள் போட்டிருக்கிறது. மாப்ளே, அந்த 30 நாளை நம்பி உட்கார்ந்துவிடாதே.

தெற்கு வீதியில் ஒருவருக்கு அதே காற்றில் அட்டைக் கூரை போனது. அவர் முதலில் புது அட்டை போட்டார், இரண்டு மாதம் கழித்துக் கம்பெனிக்குச் சொன்னார். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். தாமதத்துக்காக அவர்கள் தள்ளவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று தள்ளினார்கள். புது அட்டை பளபளவென்று இருக்கிறது, பழையது வாய்க்கால் மேட்டில் யார் வீட்டுக் குப்பையோடோ கலந்து கிடக்கிறது. இப்போது சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனுக்கு மனுப் போட்டிருக்கிறார். அதற்குக் கட்டணம் கிடையாது.

எனக்கு 38-ம் நாள் பணம் வந்தது. கேட்டது 1,18,000, வந்தது 96,500. கரையான் ரீப்பரும், அந்தச் சாக்கில் நான் மாற்றிய கிழக்குப் பக்கத்து இரண்டு வரிசை ஓடும் கழிந்தன. அதற்கு நான் வாய் திறக்க முடியாது. மழையில் நனைந்து போன டிவிக்குக் கொடுத்தார்கள். உடைந்த ஓட்டை அள்ளிய டிராக்டர் வாடகை 1,800 ரூபாயை நான் கேட்கவே இல்லை, சர்வேயரே சேர்த்திருந்தார். இடிபாடு அகற்ற கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை உண்டாம். அட்டாலியில் (பரணில்) நனைந்த நாலு மூட்டை மஞ்சளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அது வீட்டுச் சாமான் இல்லை, விற்பனைச் சரக்கு. ஈரோடு மண்டிக்குப் போகக் காத்திருந்த மஞ்சள்தான், நான் என்ன சொல்ல?

ஆக, பணத்தில் குறை இல்லை. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் ஆறியிருக்கும். மணியகாரர் சான்று, படங்கள், பேப்பர் செய்தி எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. ஆனாலும் மூன்றாம் பக்கத்தில், சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "வீசியதாகச் சொல்லப்படும் காற்று" என்று இருக்கிறது. இங்கிலீஷில் அது ஒரே வார்த்தை, அவர்கள் எழுத்தில் வழக்கமாக வருவதுதான் என்று தங்கச்சி சமாதானம் சொன்னாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "அப்ப ஓடு எங்க போச்சாமா? தானா எந்திரிச்சு நடந்து போயிருச்சாமா?" என்றார்.

நட்சத்திரம் போடச் சொன்னால் இரண்டு. அதற்கு மேல் கை போகவில்லை. மாப்ளே, நீ எடு. காங்கேயத்துக்கு ஆடிக் காத்து வருவதற்குள் எடு. இனி அந்தக் கம்பெனிக்கு ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று அம்மா முன்னால் சத்தியம் பண்ணியிருந்தேன். திங்கட்கிழமை புதுப்பித்தாயிற்று. அதே கம்பெனி, இந்தத் தடவை ஒரே மொத்தமாக ஐந்து வருடத்துக்கு. கூடவே மேற்குச் சுவரில் வாழைத் தோட்டத்தைப் பார்த்து ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன், தேதியும் மணியும் ஓரத்தில் ஓடுகிற மாதிரி. திருடனுக்கா என்று பெரியப்பா கேட்டார். காற்றுக்கு என்றேன்.