முட்டை, கடலை, மீன்: ஒரு வயதுவரை தள்ளிப்போடுவதா, ஆறு மாதத்திலேயே தொடங்குவதா?

ஆறு மாதம் முடிந்து குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கினால், குழைத்த பருப்புச் சோற்றைப் பற்றி டெல்டா வீடுகளில் யாரும் சண்டை போடுவதில்லை. முட்டையை எடுத்தால்தான் பேச்சு வரும். "ஏம்மா, பல்லே மொளைக்கல, அதுக்குள்ள முட்டையா? ஒரு வயசு ஆவட்டும்" என்பார் மாமியார். "டாக்டரம்மா குடுக்கலாம்னு சொன்னாங்க அத்தை" என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொல்வாள். இதற்கிடையில் நிலக்கடலை, முந்திரி, பாதாம், கோதுமை எல்லாவற்றையும் வறுத்து மில்லில் அரைத்த சத்துமாவு டப்பா ஒன்று ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கும். ஆக, ஒவ்வாமை (அலர்ஜி) தரக்கூடிய இந்த உணவுகளுக்கு வழி மூன்று: தள்ளிப்போடுவது, ஒவ்வொன்றாகக் கொடுப்பது, ஒரே மாவில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. நான் ஒவ்வொன்றாகக் கொடுப்பதன் பக்கம் நிற்கிறேன்.

தள்ளிப்போடச் சொல்லும் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000-ல் அப்படித்தான் சொன்னது: ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைக்கு முட்டை இரண்டு வயதில், நிலக்கடலை மூன்று வயதில். தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைகிறது என்பதற்குச் சான்று இல்லாததால் 2008-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டார்கள். 2015-ல் லண்டனிலிருந்து வெளிவந்த 'லீப்' ஆய்வு நிலைமையையே புரட்டிப்போட்டது. கடுமையான கரப்பானோ (தோல் வறண்டு வெடித்து அரிக்கும் எக்ஸிமா) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை நான்கு முதல் பதினோரு மாத வயதில் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அடியோடு தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான்.

ஏன் இப்படி? குடல் வழியாக உள்ளே போகும் உணவை உடல் தனக்குரியதாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. அதே உணவின் துகள் வெடித்த தோல் வழியாக முதலில் நுழைந்தால் எதிரியாகப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் கரப்பான் கண்ட பிள்ளைக்குக் கடலை, கருவாடு எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று விலக்குகிறோம். ஆனால் கடலைத் தோல் உரித்த கையோடு அதே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறோம். வாய்க்கு மறுத்ததைத் தோலுக்குக் கொடுத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், தோல் வெடித்திருக்கும் குழந்தைக்குக் கடலைமாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அந்தத் தோலுக்கு மருத்துவர் சொல்லும் ஈரப்பதக் களிம்பைத் தடவுவதும் ஒவ்வாமைத் தடுப்பில் சேர்த்திதான்.

ஒரு எச்சரிக்கை. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவில் தடிப்பு வந்த குழந்தைக்கும் வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. லீப் ஆய்விலேயே முதலில் தோல் பரிசோதனை செய்தார்கள், அதில் பெரிதாகத் தடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சத்துமாவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நல்ல உணவு. முதல் அறிமுகத்துக்கு மட்டும் அது ஆகாது. பத்துச் சாமான் கலந்த கஞ்சி குடித்துப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்தால் எதனால் என்று யார் சொல்வது? முந்திரியா, கோதுமையா? பாவம், பத்தையும் நிறுத்துவார்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த பிறகு அதே மாவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முட்டையில் நம் வழக்கம் ஒன்றைத் திருத்த வேண்டும். முதலில் மஞ்சள் கரு மட்டும் கொடுத்து, வெள்ளைக் கருவை ஒரு வயதுக்கு மேல் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வாமை தரும் முக்கியப் புரதங்கள் இருப்பதோ வெள்ளையில். மஞ்சளை மட்டும் மாதக்கணக்கில் ஊட்டினாலும் முட்டையைப் பழக்கியதாகாது. நன்றாக வேகவைத்து, இரண்டையும் சேர்த்து மசித்துக் கொடுங்கள். அரைவேக்காடு வேண்டாம்.

கடலையை முழுதாகவோ உடைத்தோ கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், ஐந்து வயதுவரை இந்த ஆபத்து உண்டு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் விளையும் கடலையே போதும், இதற்கென்று விலை உயர்ந்த பொடி வாங்க வேண்டியதில்லை. பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்துத் தோல் நீக்கி, வெண்ணெய்போல அரைத்து, கஞ்சியிலோ தாய்ப்பாலிலோ நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கரண்டி நுனியளவு. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதியை மெதுவாக. பிறகு இரண்டு மணி நேரம் கண் பிள்ளை மேலேயே இருக்கட்டும். காலையில் கொடுங்கள். காய்ச்சல் நாளிலும் தடுப்பூசி நாளிலும் வேண்டாம்.

கோதுமைக்கும் தயிருக்கும் இவ்வளவு கவலை வேண்டாம். கோதுமை ரவைக் கஞ்சியும் தயிர் சாதமும் இதே முறையில் ஒவ்வொன்றாக வரட்டும். பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பது மட்டும் ஒரு வயதுக்குப் பிறகு. மீனில் கெண்டையை விடுங்கள், முள் அதிகம். விரால் சதையை வேகவைத்து விரலால் தடவிப் பார்த்து முள்ளெடுத்துக் கொடுக்கலாம். நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் இறால் வாரம் தவறாமல் சமைக்கிறார்கள். அது பெரியவர்கள் சிலருக்கே ஒவ்வாத பண்டம், அதனால் அதைத் தனியாக, வேறொரு நாளில்.

வாயைச் சுற்றி இரண்டு தடிப்பு வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டாம். உதடு நாக்கு வீங்கினால், விடாமல் வாந்தி எடுத்தால், மூச்சு இழுத்தால், துவண்டு போனால் உடனே 108.

ஒத்துக்கொண்ட உணவை அதோடு விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. "கடலை குடுத்தாச்சு, ஒண்ணும் ஆவல" என்று மறந்துவிடுகிறார்கள். லீப் ஆய்வில் வாரம் மூன்று முறைக்குக் குறையாமல், வாரத்துக்கு மொத்தம் 6 கிராம் கடலைப் புரதம் என்று ஐந்து வயதுவரை தொடர்ந்தார்கள். நம் கணக்கில், ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டிக் கடலை விழுது. பிள்ளை முகம் சுளித்தால் வாழைப்பழத்தில் மசித்துக் கொடுங்கள், ராகிக் கூழில் கலந்து கொடுங்கள்.