அந்தமான் கப்பலில் ஏழு பயணம்: ஒரு லோகோ ஷெட் ஃபிட்டரின் அனுபவம்

பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் வந்து, "அண்ணா, அந்தமானுக்குக் கப்பலில் போகலாம்னு இருக்கோம், ஆனா ரொம்பப் பழைய கப்பலாமே, பயமில்லையா?" என்று கேட்டான். வாசலில் நின்றபடி ஒரு மணி நேரம் பேசினேன். அப்படியும் பாதிதான் சொல்லி முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

மலை ரயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் குன்னூர் லோகோ ஷெட்டில் 31 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். அக்காவைப் போர்ட் பிளேயரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், மாமா சாத்தம் மர ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2003-லிருந்து 2023 வரை ஏழு முறை சென்னையிலிருந்து கப்பலில் போயிருக்கிறேன். விமானத்திலும் இரண்டு முறை போனேன், இரண்டே கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆனாலும் கையில் நாள் இருந்தால் எனக்குக் கப்பல்தான். (ஊர்ப் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் போர்ட் பிளேயர் என்றுதான் வாயில் வருகிறது.)

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடத்தில் பல வருடம் ஓடிய நங்கவுரி, நிக்கோபார் இரண்டும் 1990-களின் தொடக்கத்தில் போலந்து நாட்டில் கட்டியவை. சுமார் 157 மீட்டர் நீளம், 1,200 பயணிகள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் 2024-ல் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் என்கிற சொகுசுக் கப்பல் 365 மீட்டர், அதில் ஏழாயிரம் பேருக்கு மேல் போகலாம். அதன் பக்கத்தில் நம்முடையதை நிறுத்தினால் பாதி நீளம்கூட வராது.

அந்த மாதிரிப் பெரிய சொகுசுக் கப்பலும் ஒருமுறை பார்த்தாயிற்று. மகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னையும் மனைவியையும் அதில் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போனான். எல்லாம் பளபளவென்று இருந்தது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் மூன்று நாளும் எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை, காலில் ஒரு அதிர்வுகூடத் தெரியாது. பதினான்காவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அலையெல்லாம் தகரத்தில் விழுந்த கீறல் மாதிரி இருந்தது. அவன் ஆசையாகக் கூட்டிப்போனதில் மனசு நிறைந்தது. கடலில் போனோம் என்கிற நினைவு மட்டும் தங்கவில்லை.

அந்தமான் கப்பலில் அப்படி இல்லை. கீழ்த்தளத்து நடைபாதையில் அரை மணி நேரம் நின்றால் மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரை உரசிக்கொண்டே பறந்து, திரும்ப விழுவது தெளிவாகத் தெரியும். ராத்திரி படுத்தால் முதுகில் எஞ்சின் கேட்கும். தூக்கம் வராது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது, வேலை செய்த இடம் அப்படி.

தூரம் கிட்டத்தட்ட 1,190 கிலோமீட்டர். 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூன்று ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது பொறுமையைச் சோதிக்கும் வேகம்தான். கல்லாறிலிருந்து குன்னூருக்கு எங்கள் மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறிப் பார்த்தவனுக்கு இதுவே இரண்டு மடங்கு.

இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குன்னூரும் போர்ட் பிளேயரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேராகக் கிழக்கே கோடு இழுத்தால் அக்கா வீட்டுப் பக்கம் போய் நிற்கும். ஆனால் சென்னைக்கும் அந்த ஊருக்கும் சூரியக் கணக்கில் 50 நிமிடம் வித்தியாசம். கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், அதனால் கப்பலில் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே விடியும். முதல் நாள் ஆறேகாலுக்கு எழுந்து சூரியன் வருவதைப் பார்த்தேன். மறுநாளும் அதே நேரத்துக்குத் தளத்துக்குப் போனால் வெயில் ஏறிக் கிடந்தது. மூன்றாம் நாள் ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை உடம்பே உணர்ந்தது அந்த மூன்று காலையில்தான். விமானத்தில் போனால் இது கிடைக்காது.

சரி, பழைய கப்பல் என்ற பயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஷெட்டில் பார்த்த எஞ்சின்களில் 1920-களில் சுவிட்சர்லாந்தில் செய்தவை இருந்தன. சக்கரத்துக்கு இரண்டு, பல்சக்கரத்துக்கு இரண்டு என்று நான்கு சிலிண்டர். அதை வைத்துத்தான் மலை ஏற்றினோம், ஆட்களை ஏற்றினோம். அதனால் வயசை வைத்து எந்த இயந்திரத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கப்பலில் ஏறியதும் நான் முதலில் போவது உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்துக்கு. அந்தக் கம்பிவடத்தில் கிரீஸ் புதிதாக இருக்கிறதா, கப்பியில் துரு ஏறியிருக்கிறதா, இறக்கும் கைப்பிடியில் போன மாதம் அடித்த பெயின்ட் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கதவு ரப்பர், தளத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வேன். ஒரு கப்பலில் கைப்பிடிச் சுவர்க் கம்பியில் பெயின்ட் பெயர்ந்த இடத்தைக் கவனித்தேன். வெள்ளைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மறுபடி வெள்ளை, கடைசியில் செங்காவி பிரைமர், அதற்கும் அடியில் இரும்பு சுத்தமாகத் துருவில்லாமல் இருந்தது. சுரண்டித் தேய்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் அடித்திருக்கிறார்கள். யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள், அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் கப்பல் என்று பெயர் சொல்லவில்லை, அங்கே வேலை செய்பவர்கள் பாடு எனக்குத் தெரியும்.

2009-ல் இரண்டாம் நாள் மதியம் எஞ்சின் நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் நான்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தேன் என்று மனைவி சொல்வாள். ஐந்து மணி நேரம் நடுக்கடலில் நின்றோம். ஓடும் கப்பலைவிட நிற்கும் கப்பல்தான் அதிகம் ஆடும், அலை பக்கவாட்டில் அடிக்கும்போது பிடிமானமே இருக்காது. கேபினில் பாதிப் பேருக்கு வாந்தி. சாயங்காலம் கையெல்லாம் எண்ணெயாக ஒரு சின்னப் பையன் மேலே வந்து காற்று வாங்கினான், தூத்துக்குடிக்காரன், ஜூனியர் இன்ஜினீயர். "என்ன தம்பி, இன்ஜெக்டரா?" என்று கேட்டேன் (எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் பாகம் அது). திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி, ரெண்டு மாத்தியாச்சு, இன்னும் ஒண்ணு இருக்கு. நீங்களும் இந்த லைனா?" என்றான். நீராவி எஞ்சின் என்று சொன்னதும் அவன் களைப்பெல்லாம் போய்விட்டது, கல்லாறு ஏற்றத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. ராத்திரி எட்டு மணிக்கு முதுகில் அந்த அதிர்வு திரும்ப வந்தபோது கேபினில் எல்லோரும் கை தட்டினார்கள்.

2013-ல் பங்க் கிளாஸில் போனோம். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூடத்தில், மேலும் கீழுமாகப் படுக்கை. இரண்டாம் ராத்திரி ஏசி நின்று புழுக்கம் தாங்க முடியவில்லை. கழிப்பறை அடைத்துக்கொண்டு தண்ணீர் நடைபாதை வரை வந்துவிட்டது. புகார் சொன்னோம், சரி செய்ய மறுநாள் மதியம் ஆனது. வயசானவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அது பெரிய கொடுமை, அதில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அதே பயணத்தில் பக்கத்துப் படுக்கையில் இருந்த வங்காளப் பாட்டி கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுக் கிளறிய பொரியை என் மனைவிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். இவள் அக்காவுக்கு வைத்திருந்த வர்க்கியில் ஒரு பொட்டலம் பிரித்துக் கொடுத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு வங்காளம் தெரியாது. மூன்று நாளும் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அதனால் என் அபிப்பிராயம், குடும்பத்தோடு போவதாக இருந்தால் பங்க் வேண்டாம், கொஞ்சம் கூடப் போனாலும் கேபின் எடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கும் உள்ள வித்தியாசம்தான், முன்முனையில் இருப்பவர்களுக்கு ஆட்டம் அதிகம். மாதம் ரொம்ப முக்கியம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக் காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னம், இந்த மாதங்களில் முதல் பயணம் போகாதீர்கள். கிளம்பும் தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போவதும் உண்டு, அதனால் அங்கே போய் இறங்கிய மறுநாளே கல்யாணம், பரீட்சை என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

சாப்பாடு நேரத்துக்கு வரும், ருசி சுமார். மேசை ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்திருப்பார்கள், கப்பல் சாயும்போது தட்டு அதுவரை நகர்ந்துபோய் முட்டி நிற்கும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. வாந்திக்கு மாத்திரையைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மருந்து உப்பு நார்த்தங்காய், ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொண்டு தளத்தில் நின்று தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் வயிறு அடங்கும். கேபினில் ஏசி ஓடினால் நன்றாகவே குளிரும், சமவெளிக்காரர்கள் ஒரு கம்பளி எடுத்துக்கொள்வது நல்லது. செல்போன் சிக்னல் கரை தாண்டிய கொஞ்ச நேரத்தில் போய்விடும், மூன்று நாளைக்கு வராது, வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. திரும்பி வந்து வீட்டுக் கட்டிலில் படுத்தாலும் கட்டில் ஆடுவது போலவே இருக்கும். முதல் முறை பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்றும் இல்லை, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக நின்றுவிடும்.