மூச்சுப் பயிற்சி: அறுவை சிகிச்சைக்கு முன்பா, பின்பா?

மேல் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை என்றால், வயிற்றுக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட வேண்டியது நுரையீரலைப் பற்றித்தான். மயக்கத்தில் இருக்கும்போதே நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கத் தொடங்குகின்றன. விழித்த பிறகு தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறோம், இருமலை அடக்குகிறோம். தேங்கும் சளி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

இதைத் தடுக்க எனக்கு மூன்று வழிகள் இருந்தன: முன்கூட்டியே பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி பெறுவது, சிகிச்சை முடிந்தபின் வார்டில் கற்றுக்கொள்வது, மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை (குழாய் வழியே மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் மேலெழும் சிறு கருவி) வாங்கிவைத்துக்கொள்வது. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஸ்பைரோமீட்டரில் பந்து எழுவதைப் பார்த்தால் உற்சாகம் வருவது உண்மை. ஆனால் அதை உறிஞ்ச வேண்டும். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் ஊதத்தான் தோன்றும். வெடுக்கென்று இழுத்தாலும் பந்து எழும். காற்று அடிவரை போயிருக்காது. மேல் வயிற்று அறுவை சிகிச்சையில் இக்கருவி பலன் தருகிறது என்பதற்கு பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு மறுஆய்வில் வலுவான சான்று கிடைக்கவில்லை. துணைக்கு இருக்கட்டும், அவ்வளவுதான்.

முன்பா பின்பா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வார்டில் கற்றுத்தருபவர் எவ்வளவு திறமைசாலியானாலும், கேட்பவர் வலி மருந்தின் கிறக்கத்தில் இருக்கிறார். நுரையீரல் சுருங்குவதோ அந்த முதல் மணி நேரங்களில். பிசியோதெரபிஸ்ட் வந்து சேரும்வரை அது காத்திருக்காது. முன்பே பழகியவருக்குக் கண் விழித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்: மெதுவாக ஆழ்ந்து பத்து மூச்சு, ஒவ்வொன்றையும் 3 முதல் 5 விநாடி பிடித்து வைத்தல், இப்படி இரண்டு சுற்று, பிறகு தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று இருமல். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை. இருமினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வலி இல்லாத உடம்போடு அந்தத் தலையணைப் பிடியைப் பழகியதில் பயம் பெருமளவு போய்விட்டது.

இது என் ஒருவரின் அனுபவம் மட்டுமல்ல. 2018-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 நோயாளிகள் பங்கேற்றனர். எல்லோருக்கும் கையேடு தரப்பட்டது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, அறுவை சிகிச்சைக்கு முன்பே, பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒரு முறை, 30 நிமிடப் பயிற்சி. 14 நாட்களுக்குள் நுரையீரல் சிக்கல் ஏற்பட்டவர்கள் கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம். அரை மணி நேரத்துக்கு இதைவிட நல்ல பலனை எங்கே தேடுவது?

பின்னால் வரும் பிசியோதெரபி வீண் என்று சொல்லவில்லை. சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பது அவர்கள்தான். அவசர அறுவை சிகிச்சையில் வேறு வழியும் கிடையாது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொள்பவர்களுக்கு இதே அளவு பலன் இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்; அந்த ஆய்வும் என் அனுபவமும் திறந்த அறுவை சிகிச்சை பற்றியவை. மூச்சுத் தசைகளை வலுப்படுத்தும் கருவிகளும் உண்டு. அவற்றுக்குச் சில வாரங்களாவது வேண்டும் என்பதால் நான் தொடவில்லை.

நாள் குறித்துவிட்டார்கள் என்றால், மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றே பிசியோதெரபிஸ்டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். புகைப்பவரானால், ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.