கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயம்: கூரையையும் தரையையும் பாருங்கள்

சென்னைக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தலைமைச் செயலகம் இருக்கிற வளாகம், வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

நான் கட்டட கான்ட்ராக்டர். எங்கே நுழைந்தாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். 1678-ல் வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை செய்த கட்டடம் இது. பழைய மெட்ராஸ் வீடுகளில் தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கித் தளம் போடுவார்கள். இங்கே கூரையில் ஒரு மரத்துண்டு கிடையாது. நீளவாக்கில் மூன்று அரைவட்ட வளைவுகள், எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும்தான், இரண்டு அடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வளைவு சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடு வளைவின் தள்ளலைப் பக்கத்து வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன, அவற்றின் தள்ளலை நாலு அடி வெளிச்சுவர் வாங்கிக்கொள்கிறது. கம்பி, சிமென்ட் இல்லாத காலத்து வேலை. அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியது. பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேல், ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் கல்யாணங்கள் நடந்ததும் இங்கேதான். தஞ்சாவூரில் வாழ்ந்த மிஷனரி ஷ்வார்ட்ஸுக்கு வைத்திருக்கும் பளிங்குச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் வெளியே வந்து தரையைப் பாருங்கள். நீங்கள் நிற்பது கல்லறைக் கற்கள்மேல். லத்தீன், போர்ச்சுகீஸ் என்று பல மொழி எழுத்துகள். ஆனால் கல்தான் இங்கே, ஆள் இங்கே இல்லை. பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடம்தான் அன்றைய இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளின் பின்னால் மறைந்துகொண்டு கோட்டையைச் சுட்டது. இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்று சமாதிகளை இடித்து, கற்களை இங்கே பதித்துவிட்டார்கள். யேலின் சின்ன மகன் டேவிட்டின் சமாதி மட்டும், இன்னொன்றோடு சேர்ந்து, இன்னும் அங்கேயே நிற்கிறது. நேரம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க வேறு நாள் போவதே மரியாதை. காலையிலேயே போய்விடுங்கள், தேய்ந்த எழுத்தெல்லாம் சாய்ந்த வெயிலில்தான் படிக்க வரும்.