சைபை சால்வ்_ஐவிபி: ரொம்ப தூரம் ஓட்டினா தாங்குமா?

டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் (ஒண்ணு எவ்ளோ வேகமா மாறுதுன்னு சொல்ற சமன்பாடு) போடணும்னா பைத்தான்ல முக்கால்வாசி பேர் முதல்ல கை வைக்கிறது சைபை லைப்ரரில இருக்குற சால்வ்_ஐவிபி மேல தான். ஓசி, டாக்குமென்ட்டும் ஒழுங்கா இருக்கு, நாலு வரி எழுதினா கிராஃப் வந்து நிக்கும். காலம் டி = 10 வரைக்கும் என்ன ஆகுதுன்னு மட்டும் பாக்கணும்னா கண்ணை மூடிட்டு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். ஆனா நான் இதை வச்சு தேடுறது வேற. காலம் போகப் போக தீர்வு கடைசில எங்க போய் சேருது, ஒரு புள்ளில அடங்கிருதா, ஒரே பாதையில சுத்திட்டே கிடக்கா, இல்ல அடங்காம அலையுதான்னு பாக்கணும். அந்த வேலைக்கு மூணரை தான்.

காரணம் டிஃபால்ட் செட்டிங்ல ஆரம்பிக்குது. சும்மா விட்டா மெத்தட் (கணக்கு போடுற முறை) ஆர்கே45, ஆர்டால் (மதிப்போட ஒப்பிட்டு விடுற பிழை) 0.001, ஏடால் (நேரடி அளவுல விடுற பிழை) 0.000001. இந்த ரெண்டு நம்பரும் ஒவ்வொரு ஸ்டெப்லயும் எவ்ளோ பிழை இருக்கலாம்னு சொல்றது, ஆயிரம் ஸ்டெப் தாண்டி மொத்தமா எவ்ளோ விலகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. டாக்குமென்ட்லயே லோக்கல் எரர்னு தான் போட்டிருக்கான், அதை யாரு படிக்கிறா. இருக்கறதுலயே எளிசான ஈக்வேஷன், எக்ஸ் குறையுற வேகம் எக்ஸ் அளவே, 1-ல ஆரம்பிச்சு 100 வரைக்கும் ஓட்டிப் பாருங்க. உண்மையான விடைல தசமப்புள்ளிக்கு அப்புறம் 43 பூஜ்யம் வரும். சால்வ்_ஐவிபியோட விடை ஏடால் பக்கத்துல வந்ததும் கீழ இறங்காம அங்கயே தடுமாறிட்டு நிக்கும், ஏன்னா அதுக்குக் கீழ போன மதிப்பைப் பத்தி அதுக்கு அக்கறையே இல்ல, ஸ்டெப்பை பெருசாக்கிட்டே போய் ஸ்டெபிலிட்டி எல்லையில (அதைத் தாண்டினா விடை தேயாம வளர ஆரம்பிக்கும்) முட்டிக்கும். சாதா கிராஃப்ல பூஜ்யமா தெரியும், லாக் ஸ்கேல் போட்டா குட்டு வெளிப்படும்.

உராய்வே இல்லாத பெண்டுலம், கிரகம் சுத்துறது மாதிரி எனர்ஜி மாறக்கூடாத சிஸ்டம் தான் இதோட பெரிய ஓட்டை. மெத்தட் லிஸ்ட்ல ஆர்கே23, ஆர்கே45, டாப்853, ராடௌ, பிடிஎஃப், எல்சோடான்னு ஆறு இருக்கு, ஆனா சிம்ப்ளெக்டிக் (எனர்ஜி மெல்ல மெல்ல விலகிப் போகாம பாத்துக்குற முறை) ஒண்ணு கூட கிடையாது. டாலரன்ஸை (ஆர்டால், ஏடால்) எவ்ளோ இறுக்கினாலும் எனர்ஜி மெல்ல மெல்ல நகர்றதை தள்ளிப்போடலாம், அவ்ளோ தான். வெர்லே 1967-லயே மூலக்கூறு சிமுலேஷனுக்குப் பயன்படுத்தின முறையை நாமளே பத்து வரில எழுதிக்கலாம். துல்லியம் கம்மி தான், ஆனா ஸ்டெப்பை சின்னதா வச்சா எனர்ஜி ஒரு எல்லைக்குள்ளயே மேலயும் கீழயும் ஆடும். லட்சம் சுத்து ஓட்டுறவங்களுக்கு அது தான் வேணும்.

மத்தபடி பாராட்ட வேண்டிய இடமும் இருக்கு. வான் டெர் போல் ஆஸிலேட்டர்ல (தானா ஆடிட்டே இருக்குற ஒரு சிஸ்டம்) மியூங்கிற அளவை 1000 போடுங்க. ஆர்கே45 ஊர்ந்து ஊர்ந்து போகும், காபி குடிச்சுட்டு வந்துரலாம். வேகமும் மெதுவும் கலந்த இந்த மாதிரி ஈக்வேஷனுக்கு ஏத்த ராடௌன்னு ஒரு வார்த்தை மாத்தினா சட்டுனு முடியும், பூஜ்யத்தைத் தவிர எங்க ஆரம்பிச்சாலும் அதே லிமிட் சைக்கிள்ல (திரும்பத் திரும்ப சுத்துற மூடின பாதை) போய் விழும், வீச்சு 2 கிட்ட, ஒரு சுத்துக்கு சுமார் 1614. பேனா பேப்பர்ல வர்ற கணக்கோட அச்சா பொருந்தும், இதுக்காகவே அரை மார்க் கூட்டிருக்கேன்.

லாரன்ஸ் ஈக்வேஷனை (1963-ல வந்த பிரபல கேயாஸ் உதாரணம், ரோங்கிற அளவு 28) வச்சு இதைத் திட்டுறவங்க நிறைய பேர், அது நியாயம் இல்ல. அங்க பிழை சுமார் 2.5 டைம் யூனிட்டுக்கு ஒருதடவை பத்து மடங்கு ஆகும், 16 இலக்கம் வச்சிருக்குற எந்த சாஃப்ட்வேரும் 40 சொச்சத்துல பாதையைத் தொலைச்சுரும். பாதை தான் போகும், அந்த பட்டாம்பூச்சி வடிவமும் சராசரிகளும் அப்படியே இருக்கும். விஷமே ரோ = 21-ல தான். ரொம்ப நேரம் தாறுமாறா அலைஞ்சுட்டு, இது கேயாஸ் (அடங்காம, ஆரம்பத்துல துளி மாறினாலும் வேற பாதை பிடிக்கிறது) தான்னு நாம முடிவு கட்டுற நேரத்துல பட்டுனு ஒரு புள்ளில போய் அடங்கிரும். எவ்ளோ நேரம் ஓட்டினா போதும்னு டூல் சொல்லாது, சொல்லவும் முடியாது. அங்க அடங்குற புள்ளில ஜேக்கோபியன் (மாற்ற வேகங்களோட அட்டவணை) எடுத்து ஐகன்வேல்யூ (சின்ன விலகல் வளருதா தேயுதான்னு சொல்ற எண்) பாக்கறது தான் வழி, ஈக்வேஷனை தீர்க்காமலே நிலைத்தன்மையை எடைபோட லியாபுனோவ் 1892-லயே வழி காட்டிட்டாரு.

ஈவென்ட்ஸ் வசதி (தீர்வு ஒரு கோட்டைத் தாண்டுற நேரத்தைப் பிடிக்கிறது) சூப்பர், பாயின்காரே செக்‌ஷன் (பாதை ஒரு தளத்தை வெட்டுற புள்ளிகள்) எடுக்க கை வலிக்காம ஆகுது. ஒரே ஸ்டெப்புக்குள்ள ரெண்டு தடவை கோட்டைத் தாண்டினா மட்டும் கண்டுக்காது, குறி மாறுதான்னு ஸ்டெப்போட ரெண்டு முனையில தான் பாக்கும். மேக்ஸ்_ஸ்டெப் (ஒரு ஸ்டெப்போட உச்ச அளவு) வேற டிஃபால்ட்டா முடிவிலி. அதை ஒரு சுத்தோட நேரத்துல நூத்துல ஒரு பங்கா வச்சுக்கோங்க, ஆர்டாலை பத்தின் மைனஸ் 9-க்கு இறக்குங்க, டாப்853-லயும் எல்சோடாலயும் தனித்தனியா ஓட்டி ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாருங்க. எங்க பிரியுதோ அதுக்கு மேல வர்ற கோட்டை ரிப்போர்ட்ல ஒட்டாதீங்க.