சென்னை சூப்பர் கிங்ஸ் 2025: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ரசிகரின் மதிப்புரை

சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் 2025 ஐ.பி.எல். பருவத்துக்காகத் திரட்டிய அணியையும், அந்த அணியைக் கையாண்ட விதத்தையும் பற்றியது இந்த மதிப்புரை. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 8 புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையை வென்ற அணி புள்ளிப் பட்டியலின் அடியில் போய் நின்றது இதுவே முதல் முறை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் யாரால் கிடைத்தவை என்பதையும், மற்ற மூன்றும் எங்கே போயின என்பதையும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரசிகர்கள் இந்த அணிக்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. செல்பேசிக்கான ஒளிபரப்புச் சந்தா, பிள்ளைகளுக்கு மஞ்சள் ஜெர்சி, ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது நேரில் பார்க்க வேண்டும் என்றால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக இரவுப் பேருந்து, டிக்கெட் இணையத்தில் வந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால் யாரிடமாவது கேட்டு வாங்கும் அலைச்சல் என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒரு மாலைப் பொழுது; கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து ஆள்களுக்கு ஒரு நாள் கூலியும் ஓர் இரவுத் தூக்கமும் சேர்ந்த செலவு. அப்படிப் போனவர்களுக்குச் சேப்பாக்கத்தில் கிடைத்தது என்ன? அங்கு நடந்த 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மார்ச் 23 அன்று மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில். அதன் பிறகு சொந்த மைதானத்தில் ஆடிய ஐந்திலும் தோல்வி.

குறை ஆட்டக்காரர்களின் முயற்சியில் இல்லை, அவர்களைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. சென்னை அணி ருதுராஜ் கெய்க்வாட், ரவீந்திர ஜடேஜா ஆகியோரைத் தலா 18 கோடிக்கும், மதீஷ பதிரனவை 13 கோடிக்கும், சிவம் துபேவை 12 கோடிக்கும், தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்துக்கொண்டு, மீதி 55 கோடியுடன் ஏலத்துக்குப் போனது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 55 கோடியைச் செலவிட்ட முறையில், ஆட்டம் மாறிவிட்டது என்பதை நிர்வாகம் கவனித்ததற்கான அடையாளமே தெரியவில்லை. ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க இடம் தரும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு முதல் ஆறு ஓவர்களில் 60, 70 ரன்களை அடித்துவிட்டு மேலே போகும் தொடக்க ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் தேடித் தேடிச் சேர்த்தன. நாமோ ராகுல் திரிபாதியை 3.40 கோடிக்கும், தீபக் ஹூடாவை 1.70 கோடிக்கும், விஜய் சங்கரை 1.20 கோடிக்கும், 38 வயது அஸ்வினை 9.75 கோடிக்கும் வாங்கினோம். இவர்களில் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்களே. அஸ்வின் இந்த நாட்டின் மிகச் சிறந்த சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர் தாய் அணிக்குத் திரும்பியது கண்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் மூன்றாண்டுகளுக்கான அணியை உருவாக்கும் ஏலத்தில், கையிருப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான தொகையை அந்த வயதில் ஒருவருக்குச் செலவிட்டது சரியான கணக்கு இல்லை. அவர் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள் எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எல். போட்டிகளிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

எங்கள் ஊர் மாங்காய் மண்டியில் தொலைவூருக்குப் போகும் சரக்கை எப்படி எடுப்பார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். கூடையில் மேலாக மினுமினுக்கும் பழத்தைத் தொடவே மாட்டார்கள். முற்றிய, கெட்டியான காயைக் காம்போடு பார்த்து எடுப்பார்கள், போய்ச் சேரும் நாளில் அது பழுத்திருக்க வேண்டும் என்பதற்காக. ஜெட்டாவில் சென்னை அணி செய்தது இதற்கு நேர்மாறான வேலை.

வாங்கியதோடு தவறு நிற்கவில்லை. 2024 பருவத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 583 ரன்கள் குவித்த ருதுராஜை மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டு, அவர் இடத்தில் திரிபாதியை அனுப்பினார்கள். அணியில் ஐயத்துக்கே இடமில்லாமல் இருந்த ஒரே இடத்தை ஏன் கலைத்தார்கள் என்பதற்கு இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. திரிபாதி 5 ஆட்டங்களில் எடுத்தது மொத்தம் 55 ரன்கள்.

ஏப்ரல் 11 ஆட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முழங்கையில் எலும்பு முறிவு ஏற்பட்டு ருதுராஜ் தொடரிலிருந்தே விலகியதால் தோனி மீண்டும் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டம் அது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு அருகே நான் வழக்கமாக ஆட்டம் பார்க்கும் செல்போன் பழுது பார்க்கும் கடையில் அன்று உட்கார இடமில்லை; வாசலில் வண்டிகளின் மேல் உட்கார்ந்தபடியும் ஆள்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தாவின் சுழலில் விக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும் யாரும் எழவில்லை, தோனி இன்னும் வரவில்லை என்பதால். அவர் வந்து 1 ரன்னில் சுனில் நரைனிடம் எல்.பி.டபிள்யூ. ஆனதும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 20 ஓவர்களில் 9 விக்கெட் இழப்புக்கு 103. கொல்கத்தா 10.1 ஓவர்களில் முடித்துவிட்டது, 59 பந்துகள் மீதம் இருக்க. தொடர்ந்து ஐந்து தோல்விகள் என்பது இந்த அணி அதுவரை கண்டிராத ஒன்று. சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளத்தில் எதிரணியைச் சுழலில் மடக்குவதுதான் நம் பலம் என்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வந்தோம். அந்த ஆடுகளத்தில் ஒன்றிரண்டாகவாவது ஓடி ரன் சேர்க்கத் தெரிந்த நடுவரிசை நம்மிடமே இல்லை என்பது அன்று தெரிந்தது.

என் வாதத்துக்கு வலுவான சான்று அதற்குப் பிறகுதான் வந்தது. காயம்பட்டவர்களுக்கு மாற்றாக, பருவத்தின் நடுவே மூவர் வந்தார்கள். ருதுராஜுக்குப் பதில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு. குர்ஜப்னீத் சிங்குக்குப் பதில் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் 2.20 கோடிக்கு, வன்ஷ் பேடிக்குப் பதில் குஜராத்தின் உர்வில் படேல் 30 லட்சத்துக்கு. மாத்ரே மும்பை வான்கடே மைதானத்தில் தன் முதல் ஆட்டத்திலேயே 15 பந்துகளில் 32 அடித்தார். பெங்களூருவில் 48 பந்துகளில் 94 அடித்து, 214 என்ற இலக்கை 2 ரன்கள் தொலைவுவரை கொண்டுவந்தார். ஏழு ஆட்டங்களில் 240 ரன்கள், நூறு பந்துக்கு ஏறக்குறைய 189 என்ற வேகத்தில். பிரெவிஸ் ஆறு ஆட்டங்களில் 225 ரன்கள். கொல்கத்தாவில் 25 பந்துகளில் 52, அகமதாபாத்தில் 23 பந்துகளில் 57 என்று அவர் அடித்த இரண்டு ஆட்டங்களிலும் சென்னை வென்றது. அகமதாபாத்தில் எடுத்த 230 ரன்களும் 83 ரன் வித்தியாச வெற்றியும் இந்த இளைஞர்களால் கிடைத்தவை.

இந்த மூவரும் ஜெட்டாவில் ஏலப் பட்டியலில் இருந்தவர்கள் என்பதுதான் வேதனை. மூவரையும் எந்த அணியும் வாங்கவில்லை, சென்னையும் வாங்கவில்லை. உர்வில் அந்த ஏலம் முடிந்த இரண்டே நாளில், நவம்பர் 27 அன்று, உள்நாட்டு டி20 போட்டியான சையது முஷ்டாக் அலி கோப்பையில் திரிபுராவுக்கு எதிராக 28 பந்துகளில் சதம் அடித்தார். அப்போதுகூட நமக்கு உறைக்கவில்லை. மூவருக்கும் சேர்த்து ஆன செலவு 2.80 கோடி, திரிபாதி ஒருவருக்கு ஆனது 3.40 கோடி. வேறு அணிகளும்தானே விட்டுவிட்டன என்று சிலர் கேட்கிறார்கள். மற்ற அணிகளிடம் தொடக்கத்தில் அடிப்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். தேவை நமக்கு இருந்தது.

தோனியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. மார்ச் 28 அன்று பெங்களூருவுக்கு எதிராக 197 ரன்களைத் துரத்தும்போது அவர் ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால் இறங்கினார். 16 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 30 அடித்தார். ஆட்டம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது, 50 ரன்களில் தோல்வி. 2008க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் வென்ற முதல் ஆட்டம் அது. ஓசூரில் பாதிப் பேர் பெங்களூரு அணியின் ரசிகர்கள் என்பதால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, அவரால் பத்து ஓவர்கள் நின்று முழு வேகத்தில் ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அப்படியானால் அவருக்கு முன்னால் இறங்கும் ஏழு பேரும் உறுதியான மட்டையாளர்களாக இருக்கும்படி அணியை அமைத்திருக்க வேண்டும். தோனி ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த அணிக்கு அவர் செய்ததை நினைத்தால், அவர் விரும்பும்வரை ஆடட்டும் என்றே மனம் சொல்கிறது. ஆனால் அவருடைய உடல்நிலையை அறிந்த நிர்வாகம் அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்யாமல், கடைசி இரண்டு ஓவர்களில் அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்று விட்டது அவருக்கும் நியாயம் செய்யவில்லை, நமக்கும் செய்யவில்லை.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் விஷயத்தில் எனக்குள்ள மனக்குறை பழையது. சாய் கிஷோரை 2020, 2021 இரண்டு பருவங்களும் ஓர் ஆட்டம்கூடத் தராமல் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். குஜராத் அணியில் அவர் முக்கியப் பந்துவீச்சாளர் ஆனார். ஜெகதீசனை 2022 நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் அவர் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன்கள் அடித்தார். சேப்பாக்கத்தின் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த சாய் சுதர்சனை 2022இல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2025இல் 759 ரன்களுடன் தொடரிலேயே அதிக ரன் குவித்தவர் அவர். ஒரு விஷயத்தில் மட்டும் நிர்வாகத்தின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை ஏன் எடுக்கவில்லை என்று இங்கே பலரும் கோபப்படுகிறார்கள். டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது, பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது. அந்த விலைக்குப் போகாமல் கலீல் அகமதுவை 4.80 கோடிக்கு எடுத்தது நல்ல முடிவு. 10 கோடிக்கு வந்த நூர் அகமது 24 விக்கெட்டுகள் எடுத்து, கொடுத்த பணத்துக்கு முழுதாக ஆடினார். நான் தந்த மதிப்பெண்களில் ஒன்று இவ்விருவருக்கும், மற்றது நடுவில் வந்த மூன்று இளைஞர்களுக்கும்.

நிர்வாகமும் பாடம் கற்றதாகவே தெரிகிறது. திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் விடுவிக்கப்பட்டார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ஜடேஜாவின் பிரிவு மனத்தைக் கனக்கச் செய்தாலும், முதல் ஓவரிலிருந்தே அடிக்கக்கூடிய ஒரு விக்கெட் கீப்பர் இப்போது நம்மிடம் இருக்கிறார். பதிரனவை விட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 13 கோடிக்கு நாம் வைத்திருந்து விடுவித்தவரைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. ஒரு பருவம் சற்றுத் தடுமாறினாலும், கடைசி நான்கு ஓவர்களுக்கு அவரைப் போன்ற ஒருவரை இனி எங்கே தேடுவது? ஆண்ட்ரே சித்தார்த் என்ற நம் ஊர்ப் பையனையும் ஓர் ஆட்டம்கூடத் தராமலே விடுவித்துவிட்டார்கள். பழைய வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை என்பது இதில் தெரிகிறது.

2026 பருவத்துக்காக 2025 டிசம்பர் 16 அன்று நடந்த அபுதாபி ஏலத்தில் உத்தரப் பிரதேசத்தின் இடக்கைச் சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரையும், ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடிக்கு வாங்கியிருக்கிறார்கள். சர்வதேசப் போட்டியில் ஆடாதவர்களுக்கு இவ்வளவு தொகை ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை போனதில்லை. தொகை அதிகம் என்று நான் குறை சொல்லப் போவதில்லை. முற்றிய காயைப் பார்த்து எடுக்க நிர்வாகம் துணிந்ததே பெரிது. ஆனால் இந்த இருவரையும் மாத்ரே, பிரெவிஸ் ஆகியோருடன் முதல் ஆட்டத்திலிருந்தே ஆட வைக்க வேண்டும், இரண்டு ஆட்டங்களில் சொதப்பினாலும் மூன்றாவதில் வெளியே உட்கார வைக்கக் கூடாது. அவர்கள் முதல் பதினொருவர் பட்டியலில் இருந்தால் முழுப் பருவத்துக்கும் சந்தா கட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்துக்குக் கட்டினால் போதும்.