விறகு அடுப்பா, டீசல் ஓவனா? கடற்காற்றில் எது தாங்கும்?

எங்கள் பேக்கரி கீழக்கரையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்று வருடம் முன்பு விறகு அடுப்பை இடித்துவிட்டு டீசல் பர்னர் வைத்த ரோட்டரி ஓவன் (தட்டுகள் அடுக்கிய ரேக் உள்ளே சுற்றிக்கொண்டே வேகும் வகை) போட்டோம். ஆகவே நான் டீசல் கட்சி, தெரிந்தே படியுங்கள்.

விறகுக்கும் நியாயம் உண்டு. இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனாலும் அடுப்பு அணையாது. ரொட்டியின் மேல்தோல் விறகில்தான் ஒழுங்காக வரும் என்று மாமா இன்னும் சொல்கிறார், மறுக்க மாட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த கட்டை புகையும், எரியாது. ராத்திரி 2 மணிக்கு அதோடு மல்லுக்கட்ட ஆளும் கிடைப்பதில்லை.

டீசலில் சுவிட்சைத் தட்டினால் போதும். ஆனால் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பம்ப் சுமார் 10 பார் அழுத்தத்தில் டீசலை நாசிலுக்குத் தள்ளும். நாசில் அதைப் பனிபோலத் தூவும். சுமார் 10,000 வோல்ட் பொறி பற்றவைக்கும். ஃபோட்டோசெல் என்ற சின்னக் கண் தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போன நோன்பு மாதத்தில் அந்தக் கண்ணில் கரி படிந்துவிட்டது. உள்ளே தீ இருந்தும் பர்னர் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ரீசெட்டை நாலு தடவை அமுக்கினேன். மெக்கானிக் வந்து துணியால் ஒரு துடை துடைத்தார், சரியாகிவிட்டது. அப்புறம்தான் திட்டு: "அண்ணே, இப்படி அமுக்கவே கூடாது. தீ பிடிக்காம இருந்திருந்தா டீசல் உள்ளேயே தேங்கி, பத்தும்போது மொத்தமா வெடிச்சிருக்கும்."

நாசில் அடைத்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள். துளை கெட்டால் தீ ஒருபக்கம் சாய்ந்து கரி கட்டும். அதே அளவு, அதே கோணம் பொறித்த புதியதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் மலிவு. உப்புக்காற்றில் வயர் முனைகள் பச்சை பூக்கும், மாதம் ஒருதடவை பார்க்க வேண்டும். டேங்க் பாதி காலியாகக் கிடந்தால் ஈரம் கோத்து அடியில் தண்ணீர் சேரும், துரு ஃபில்டருக்கு வரும். அதனால் ராத்திரியே நிரப்பிவிடுகிறோம்.

கரண்ட் போனால் பர்னரும் ரேக்கும் சேர்ந்தே நிற்கும், ஜெனரேட்டர் செலவையும் கணக்கில் சேருங்கள். கேஸ் பர்னரைப் பக்கத்துக் கடையில் பார்த்ததோடு சரி, அதைப் பற்றி நான் பேசுவது நியாயமில்லை.

இப்போது கல்லா டிராயரில் சில்லறையோடு ஒரு நாசில், ஒரு ஃபோட்டோசெல், ஒரு பழைய பனியன் துணி எப்போதும் கிடக்கும்.